கிணற்றடியிலிருந்து அட்டவணைக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் இறைத்துக் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் விடுகிறோம். கல்லில் வெடிப்புகள் ஏராளம் என்பதால் தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் நைத்திரேற்றாக மாறி அதே நீரில் வந்து சேர்கின்றன. இந்த நைத்திரேற்றைப் பலர் பல காலமாக அளந்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் சுன்னாகம் பக்கம் அளந்திருப்பார், இன்னொருவர் கோடையில் மட்டும், வேறொருவர் மாரி முடிந்த கையோடு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடும் வழிக்கு முறையான மீளாய்வு என்று பெயர்.

கட்டுரைகளைத் தேடுவது, பொருந்தாதவற்றைக் கழிப்பது எல்லாம் முதற்கட்ட வேலை. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. கடைசியில் வரும் புள்ளிவிபரக் கணக்கைக் கணினி செய்து தந்துவிடும். நடுவே ஒரு வேலை இருக்கிறது: ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, வேண்டிய எண்ணையும் விபரத்தையும் ஒரு படிவத்தில் எடுத்து எழுதுவது. பார்ப்பவருக்கு வெறும் நகலெடுப்புப் போலத் தோன்றும். என் அனுபவத்தில் மீளாய்வு சரியாவதும் பிழையாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு கட்டுரையில் சராசரி நைத்திரேற்று லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50. அப்படியென்றால் கவலையில்லை, 12 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று கை அவசரப்படும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை இரண்டு விதமாகச் சொல்கின்றன. சில முழு நைத்திரேற்றின் நிறையைத் தருகின்றன, சில அதற்குள் இருக்கும் நைதரசனின் நிறையை மட்டும் தருகின்றன. நைதரசனின் நிறை 14, அதோடு மூன்று ஒட்சிசன் சேர்ந்த நைத்திரேற்றின் நிறை 62. ஆகவே நைதரசனாகச் சொன்ன எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று அளவு கிடைக்கும். அந்த 12 நைதரசனாக இருந்தால் உண்மை அளவு 53, வழிகாட்டு அளவுக்கு மேலே. காணியை எங்கள் ஊர்ப் பரப்புக் கணக்கில் சொன்னவரையும் ஏக்கரில் சொன்னவரையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும். அதிலும் இந்த எண் கைக்குழந்தை குடிக்கும் தண்ணீரைப் பற்றியது. நைத்திரேற்று கூடினால் சிசுக்களின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

அதனால் நல்ல படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டமும், அலகுக்குத் தனியாக ஒரு கட்டமும், கட்டுரையின் எந்தப் பக்கத்தில் எந்த அட்டவணையிலிருந்து எடுத்தோம் என்பதற்கு இன்னொரு கட்டமும் இருக்கும். கட்டுரையில் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். மாற்றும் கணக்கை வேறொரு நிரலில் பிறகு செய்யலாம். எழுதும்போதே மனதுக்குள் பெருக்கிவிட்டால், பிழை நடந்த இடத்தைப் பின்னர் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நான் இந்த வேலையைப் பழகிய நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். 36 கிணறுகள், சராசரி 40, பக்கத்தில் ±3 என்று ஒரு அட்டவணையில் இருந்தது. அந்த மூன்றை நியம விலகல், அதாவது கிணறுகளின் அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் எண், என்று எழுதிவிட்டேன். அதே கட்டுரையைத் தனியாக வாசித்திருந்த அக்கா என் படிவத்தையும் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது விலகல் இல்லை, நியம வழு. கீழே அடிக்குறிப்பைப் பாரும்” என்றார். நியம வழு என்பது அந்தச் சராசரியே எவ்வளவு தளம்பக்கூடும் என்று காட்டுவது. அதைக் கிணறுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால்தான் விலகல் வரும். மூன்று தர ஆறு, 18. எல்லாக் கிணறும் ஏறக்குறைய ஒன்றுபோல என்று நான் எழுதியிருந்தேன். உண்மையில் கிணற்றுக்குக் கிணறு பெரிய வித்தியாசம் இருந்தது. இதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. ஆய்வுகளைச் சேர்க்கும் எளிய கணக்கு முறையில் வழு குறைந்த ஆய்வுக்கு அதிக எடை கொடுக்கப்படும். என் பிழையால் வழு ஆறில் ஒரு பங்காகத் தெரிந்து, எடை வழுவின் வர்க்கத்துக்கு எதிர்மாறாகப் போவதால், அந்த ஒரு கட்டுரைக்கு 36 மடங்கு எடை போயிருக்கும்.

இது பழகுபவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2007இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, அச்சில் வந்துவிட்ட 27 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து ஒரே முடிவாகக் கணக்கிடுபவை) எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூல ஆய்வுகளின் எண்களை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தது. அந்த 27இல் 10 தொகுப்பாய்வுகளில், எடுத்த இரண்டு ஆய்வுகளில் ஒன்றுக்காவது முடிவு ஒத்துவரவில்லை. இருவர் தனித்தனியாக எடுத்து எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். ஒருவர் எழுதி மற்றவர் மேலோட்டமாகப் பார்த்துச் சரி போடுவது அதற்கு ஈடாகாது.

எண்களைவிடச் சிரமம் குறியிடல், அதாவது விபரங்களை வகை பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு இலக்கம் கொடுப்பது. கிணறு எந்த வகை என்று ஒரு கட்டம் வைத்து, வீட்டுக் கிணறுக்கு 1, தோட்டக் கிணறுக்கு 2, பொதுக் கிணறுக்கு 3 என்று தீர்மானிக்கிறோம். ஆனால் நம் ஊரில் வளவுக்குள் இருக்கும் ஒரே கிணறுதான் சமையலுக்கும், குளிக்கவும், பின்னால் இருக்கும் வெங்காயப் பாத்திக்கும். அது 1ஆ 2ஆ? ஜனவரியில் எடுத்த மாதிரி மாரியா கோடையா? இப்படியானவற்றுக்கு விதியை முன்கூட்டியே குறியீட்டுக் கையேட்டில் எழுதி, நாலைந்து கட்டுரைகளில் பரீட்சித்துப் பார்த்துத் திருத்திய பிறகே மிச்சத்தைத் தொட வேண்டும்.

இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதையும் அளக்கலாம். 50 கட்டுரைகளில் ‘தோட்டம் அருகில் உண்டா’ என்ற கேள்விக்கு இருவரும் 40இல் ஆம், 4இல் இல்லை என்றும், மிச்சம் 6இல் ஆளுக்கு மூன்று ஆம் என்று மாறுபட்டும் எழுதினால், 88 வீதம் ஒற்றுமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குடாநாட்டில் பெரும்பாலும் தோட்டம் அருகில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் ஆம் போட்டாலும் 76 வீதம் ஒத்துவரும். இந்தத் தற்செயலைக் கழிப்பதற்கு ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற அளவைத் தந்தார். முழு ஒற்றுமைக்கு அது 1, தற்செயல் அளவுக்கு 0. அதன்படி இந்த இருவரின் ஒற்றுமை வெறும் 0.5. கையேட்டின் வரையறை தெளிவில்லை, இருவரும் இருந்து பேச வேண்டும் என்று அர்த்தம்.

ஒரே கிணறுகளின் அளவீடு ஆய்வேட்டிலும், மாநாட்டுச் சுருக்கத்திலும், இதழிலும் வந்திருந்தால் மூன்று ஆய்வாக எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு. வாந்தியைத் தடுக்கும் ஒண்டன்செட்ரோன் மருந்து பற்றிய ஆய்வுகளில் இப்படி இரட்டித்தவற்றைச் சேர்த்ததால் அதன் பயன் 23 வீதம் கூடுதலாகத் தெரிந்தது என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். கிணறுகளின் எண்ணிக்கை, மாதிரி எடுத்த மாதம், ஊர், ஆசிரியர் பெயர் நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

அப்புறம், வெற்றுக் கட்டம். அதற்குள் பூச்சியம் போடவே கூடாது. அளந்து பூச்சியம் வந்தது வேறு, கருவி கண்டறியும் எல்லைக்குக் கீழே என்பது வேறு, அளந்ததாகவே சொல்லவில்லை என்பது வேறு. மூன்றுக்கும் மூன்று குறியீடு வேண்டும். அந்த 12 நைதரசனா நைத்திரேற்றா என்று கட்டுரையில் எங்கேயும் இல்லாவிட்டால், ஊகித்து நிரப்பாமல் எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். இரண்டு தடவை கேட்டும் பதில் வராவிட்டால் அலகுக் கட்டத்தில் ‘தெளிவில்லை’ என்றும், குறிப்புக் கட்டத்தில் கேட்ட திகதிகளையும் எழுதி, அந்தக் கட்டுரையைச் சேர்த்து ஒரு தரமும் விட்டு ஒரு தரமும் கணக்கை ஓட்டிப் பார்ப்போம்.