ஏற்புறுதி: ரேட்டிஃபிகேஷனுக்கு எது தமிழ்?

தேவகோட்டையில் ஒரு கல்யாணம். திருப்பூட்டுக்கு, அதாவது தாலி கட்டுக்கு, நேரம் நெருங்கிவிட்டது. பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் "கோயில் மாலை வந்தாச்சா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சட்டம் படிக்கும் என் மருமகன், செல்பேசியில் பாடக் குறிப்போடு.

"அம்மான், ரேட்டிஃபிகேஷனுக்குத் தமிழ்ல என்ன? ஒப்புதல்னு போட்டிருக்கு. அப்ரூவலுக்கும் அதையேதான் போட்டிருக்கு."

"வாசலைப் பாரு. மாலை வருதுல்ல, அதுதான்" என்றேன். சும்மா சொல்லவில்லை.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன். 'ராட்டுஸ்' என்றால் உறுதியானது, முடிவானது. அது பிறந்த வினைக்கு நினைத்தல் என்றும் பொருள், கணக்கிடுதல் என்றும் பொருள். நம் 'எண்ணுதல்' அப்படியே இருக்கிறது பாருங்கள். அதோடு 'செய்தல்' சேர்ந்து, எண்ணிப் பார்த்து உறுதியாக்குதல் என்றாயிற்று. வட்டி ரேட்டும் ரேஷன் கடையும்கூட இதே வேரில் கிளைத்தவைதான்.

சரி, மாலைக்கு வருவோம். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருப்பார்கள். இசைகுடிமானம் என்ற கல்யாண உடன்படிக்கை எழுதிக் கையெழுத்தும் போடுவார்கள். இசைபிடிமானம் என்று சொல்வோரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் உள்ளே இருப்பது 'இசைவு'. ஆனால் வீட்டார் இசைந்தால் மட்டும் போதாது. இரு வீட்டாரும் அவரவர் சேர்ந்த நகரக் கோயில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். கல்யாணமானவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறுவார்கள். பேசி முடித்தவர்கள் வேறு, அதை ஏற்று எண்ணிக்கையில் சேர்ப்பவர்கள் வேறு. ரேட்டிஃபிகேஷன் என்பதும் இதுதான்.

இந்தச் சொல் பெரிய சண்டைக்குள் மாட்டியது அமெரிக்காவில். பிலடெல்பியாவில் 1787 செப்டம்பர் 17 அன்று புது அரசமைப்பில் கையெழுத்துப் போட்டார்கள். அது அன்றே சட்டமாகிவிடவில்லை. 13 மாநிலங்களில் 9, தனித்தனியே மாநாடு கூட்டி ஏற்க வேண்டும் என்று அதன் ஏழாவது பிரிவே சொன்னது. (நகரத்தார் கோயில்களும் ஒன்பது. இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை, வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.) டெலவேர் முதலில் ஏற்றது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21 அன்று ஏற்றது. மைய அரசுக்கு இவ்வளவு அதிகாரமா, தனிமனித உரிமைப் பட்டியல் எங்கே என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள்.

நியூயார்க்கில்தான் விவாதம் ஒரு சொல்லில் வந்து நின்றது. திருத்தங்கள் செய்யவேண்டும் என்ற 'நிபந்தனையின் பேரில்' ஏற்கலாம் என்றது ஒரு தரப்பு. நிபந்தனையோடு ஏற்பது ஏற்பே ஆகாது, ஏற்றால் முழுதாக, என்றைக்குமாக ஏற்க வேண்டும் என்று அரசமைப்பை வரைந்தவர்களில் முக்கியமானவரான மேடிசன், நியூயார்க் மாநாட்டில் ஏற்புக்காக வாதாடிய ஹாமில்டனுக்கு எழுதினார். கடைசியில் 'நிபந்தனையின் பேரில்' போய், திருத்தங்கள் வரும் என்ற 'முழு நம்பிக்கையோடு' வந்தது. 30க்கு 27 என்று தீர்மானம் தேறியது. உரிமைப் பட்டியல் 1791இல் வந்து சேர்ந்தது.

மேடிசன் சொன்னது செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது. அந்தக் காலத்தில் பர்மாவில் வட்டிக் கடையை ஏஜண்ட் பார்ப்பார், முதலாளி ஊரில் இருப்பார். அதிகாரத்தை மீறி ஏஜண்ட் ஒரு பேரம் முடித்துவிட்டால், முதலாளி பின்னால் அதை ஏற்கலாம், தள்ளலாம். லாபத்தை வைத்துக்கொண்டு நட்டத்தைத் தள்ள முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 199ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: ஒரு பகுதியை ஏற்றால் முழுப் பேரத்தையும் ஏற்றதாகும்.

இந்த இடத்துக்குப் 'பின்னேற்பு' கச்சிதம். நடந்து முடிந்ததைப் பின்னால் ஏற்பது என்று சொல்லே காட்டிவிடுகிறது. அரசமைப்புக்கு அது பொருந்தாது. அங்கே ஏற்கும்வரை எதுவும் நடக்கவில்லை, கையில் இருப்பது வெறும் வரைவு. ஏற்பதால்தான் அது உறுதியாகிறது. ஆகவே 'ஏற்புறுதி'. ராட்டுஸில் உள்ள உறுதியும் இதில் இருக்கிறது. 'ஒப்புதல்' பொதுச் சொல். மேலாளர் லீவு தருவதும் ஒப்புதல், வீட்டு வரைபடம் பாஸாவதும் ஒப்புதல். 'அங்கீகாரம்' வடசொல் என்பதைவிட, பள்ளிக்கூடத்துக்கும் கட்சிக்கும் கொடுத்துக் கொடுத்துப் பொருள் மாறிப்போனதுதான் எனக்குக் குறை.

மாலை வந்துவிட்டது, எல்லோரும் எழுந்தார்கள். மருமகன் விடவில்லை.

"அப்ப நம்ம அரசமைப்புக்கு மாலை எங்கேர்ந்து வந்துச்சு?"

எங்கிருந்தும் வரவில்லை. மாகாணங்களிடம் அனுப்பவும் இல்லை, மக்களிடம் வாக்கெடுக்கவும் இல்லை. எழுதிய பேரவையே 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டது. முகப்புரை 'நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்' என்று முடிவது அதனால்தான் பொருத்தம். ஏற்புறுதிக்கான இடம் 368ஆம் பிரிவில் இருக்கிறது: சில வகைத் திருத்தங்களுக்கு மட்டும் பாதி மாநிலங்களாவது ஏற்புறுதி தர வேண்டும்.

"தேர்வுல இதை எழுதலாமா?" என்றான்.

"368ஐ எழுது. மாலையை எழுதாதே."