பன்றியும் பாசம் காட்டும், நாய் மாதிரி அல்ல

நாய் வளர்த்துப் பழகியவர்கள் பன்றிக்குட்டி வந்ததும் முதலில் செய்யும் தவறு, அதைத் தூக்கிக் கொஞ்சுவது. உடனே காது கிழியும்படி கத்தும். முரட்டுக் குட்டி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பன்றி இரையாகிப் பிழைத்த இனம். கால் தரையை விட்டு எழும்பினால் ஏதோ ஒன்று தன்னைக் கவ்விவிட்டது என்றுதான் அதற்குத் தோன்றும்.

முதல் வாரம் நீங்கள் தரையில் உட்காருங்கள். பக்கத்தில் நாலைந்து வெள்ளரித் துண்டுகளைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அதுவாக வந்து மூக்கால் முட்டிப் பார்க்கும். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே தொடங்கி, தோள், விலா என்று வருடி அடிவயிற்றுக்கு வாருங்கள். நம்பிக்கை வந்துவிட்டால் பின்கால்கள் மடங்க, தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து, கண்ணை மூடி மெதுவாக உறுமும். அந்த இடத்துக்கு வந்துசேர நாளாகும். அவசரப்பட்டால் இன்னும் தள்ளிப்போகும்.

புடாபெஸ்டில் உள்ள எட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டில் வளர்ந்த நாய்களுக்கும் குட்டை இனப் பன்றிகளுக்கும், உள்ளே தீனி இருந்தும் திறக்கவே முடியாத பெட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் மனிதர் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. பன்றிகளோ பெட்டியோடு தாமே மல்லுக்கட்டின. உங்கள் பன்றி உதவிக்கு உங்களைப் பார்க்காததைப் பாசக்குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் சுபாவமே அதுதான்.

எப்போதும் குட்டியாகவே இருக்கும் என்று சொல்லி விற்கப்படும் 'டீ கப் பன்றி' என்று ஓர் இனமே கிடையாது. குட்டை இனங்களும் பெரும்பாலும் 40 கிலோவைத் தாண்டும். மூன்று வயதுக்கு மேலும் வளரும். மூன்று, நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவதால், 'இதுதான் தாய்' என்று விற்பவர் காட்டுவதே வளர்ந்து முடியாத பன்றியாக இருக்கலாம். சிறிதாகவே இருக்கட்டும் என்று பட்டினி போடுவது கொடுமை. அதற்காக நாய்த்தீவனமும் வேண்டாம். கொழுப்பு ஏறி, நெற்றி மடிப்பு இறங்கிக் கண்ணையே மறைத்துவிடும்.

உயிரைப் பறிப்பது தண்ணீர் விஷயம். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் உடம்பில்லை. சூடு தாங்காமல் நாய்க்கிண்ணத்தைக் கவிழ்த்து அந்த ஈரத்தில் புரளும். பிறகு குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஒரு நாள், இரண்டு நாள் அப்படிப் போனால் இரத்தத்திலும் மூளையிலும் உப்பு ஏறிவிடும். அந்த நேரத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தால் மூளை வீங்கும். கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், நாய் மாதிரி உட்காரும், மூக்கு துடித்து வலிப்பு வரும். தண்ணீர் இல்லாமல் கிடந்தது தெரிந்தால் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கொடுத்தபடியே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கவிழ்க்க முடியாத கனமான தொட்டியும், புரளத் தனியாகச் சேற்றுக்குழியும் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

மண்ணைக் கிளற இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் தரைவிரிப்பைக் கிளறும். ஆண் குட்டிக்குச் சீக்கிரமே காயடித்துவிடுங்கள். பெண்ணுக்கும் கருத்தடை அவசியம்: 21 நாளுக்கொரு முறை சினைப்பருவம் வந்து எரிச்சல்படும், வயதானபின் கருப்பையில் கட்டி வருவதும் அதிகம்.

வீட்டில் நாயும் இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒன்று வேட்டை இனம், மற்றது இரை இனம். பன்றி மிரண்டு கத்தி ஓடினால் சாதுவான நாயும் துரத்திக் காதைக் கடித்துவிடும். இரண்டும் ஒரே பாயில் தூங்கினாலும், ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும்.