அப்லிஃப்ட்: மேல்தூக்கு

மழைக்காலத்தில் கழுவுவதற்காக நிலத்தடித் தொட்டியைக் காலி செய்கிறார்கள். மறுநாள் ஒரு மூலை தரையைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது, குழாய் இணைப்பு பிய்ந்து கிடக்கிறது. "டேங்க் மிதந்துருச்சு" என்பார் மேஸ்திரி. பொறியாளரின் கணக்குத்தாளில் அதற்குப் பெயர் அப்லிஃப்ட்.

'அப்' என்றால் மேலே. 'லிஃப்ட்' பழைய நோர்ஸ் மொழியின் 'லிப்தா'விலிருந்து வந்தது. காற்று, வானம் என்று பொருள்படும் 'லோப்த்' அதற்கு உறவு. காற்றில் ஏற்றுவதே தூக்குவது. அகராதியை மட்டும் நம்பினால் 'மேம்பாட்டு விசை' என்று வந்து நிற்கும். சமூக முன்னேற்றத்துக்கும் இதே ஆங்கிலச் சொல்தான்!

தமிழில் மிதப்பு விசை, மேல்நோக்கு விசை, இலங்கைப் பாடநூல்களின் மேலுதைப்பு எல்லாம் உண்டு. எதுவும் தவறில்லை. என் ஓட்டு மேல்தூக்குக்கு. (புணர்ச்சி விதிப்படி 'மேற்றூக்கு', அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது.) தூக்குதல் என்றால் உயர்த்துவது மட்டுமல்ல, எடைபோடுவதும்தான்: தூக்குக்கோல், சீர்தூக்கிப் பார்த்தல். இந்தக் கணக்கும் அதுதான். ஒரு தட்டில் தொட்டியின் எடை, மறு தட்டில் அது இடம்பெயர்த்த நீரின் எடை.

தூக்கிப் பார்ப்போம். வெளியளவு 4 மீட்டருக்கு 3, உயரம் 2.5. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறியிருக்கிறது. இடம்பெயர்ந்த நீர் 30 கன மீட்டர், ஆக 30 டன் மேல்தூக்கு. சுவரும் அடித்தளமும் 20 செ.மீ., மூடி 15 செ.மீ. என்றால் கான்கிரீட் 9.9 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் 24.7 டன்தான் தேறும். காலித் தொட்டி மிதக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரை எடையில் சேர்க்கக் கூடாது. என்றாவது ஒருநாள் காலி செய்தே ஆகவேண்டும்.

தடுக்கும் எடை மேல்தூக்கைப்போல் 1.1 முதல் 1.25 மடங்காவது இருக்கவேண்டும் என்பது வழக்கம். அடித்தளத்தைக் கீழ்நோக்கித் தடிப்பாக்கலாமே என்று முதலில் தோன்றும். ஆனால் சேர்க்கும் கான்கிரீட்டும் நீரை இடம்பெயர்க்கும்; 2.5 டன்னில் 1 டன் போக 1.5 டன்தான் கைக்கு மிஞ்சும். அதைவிட, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் 35 செ.மீ. நீட்டுவது மலிவு. அந்த விளிம்பின் மேல் உட்காரும் மண்ணும் தொட்டியோடு சேர்ந்துகொள்ளும். நீரில் மூழ்கிய மண்ணை கன மீட்டருக்கு 0.9 டன் என்று வைத்தாலே எடைக்கும் மேல்தூக்குக்குமான விகிதம் 0.82-இலிருந்து ஏறத்தாழ 1.24 ஆகிறது. ஆனால் மண்ணை நிரப்பி இறுக்கும்வரை அந்த எடை கிடையாது. குழி திறந்திருக்கும்போது பெருமழை பெய்தால், தொட்டிக்குள் தண்ணீர் விட்டு வைப்பதுதான் கைவசமுள்ள வைத்தியம்.

"இது களிமண், தண்ணீர் அதிகம் ஊறாது" என்ற மிதப்பும் வேண்டாம். மேல்தூக்கு நீரின் அளவைப் பார்ப்பதில்லை, மட்டத்தைத்தான் பார்க்கும். தொட்டியைச் சுற்றி விரலளவு இடுக்கில் நீர் நின்றாலும் அதே 30 டன்தான்.

மேல்தூக்கு விசை வேறு, மேல்தூக்கு அழுத்தம் வேறு. விசை தொட்டி முழுவதையும் கிளப்பப் பார்க்கும், கணக்கு டன்னில். அழுத்தம் அடித்தளத்தைக் கீழிருந்து தள்ளும். இங்கே சதுர மீட்டருக்கு 2.5 டன். அதனால் தரை நடுவில் மேல்நோக்கி வளையும், இழுவிசை உட்புற முகத்தில் வரும்; அதைத் தாங்கும் கம்பியும் அங்கேதான் வேண்டும். கூரை ஸ்லாபின் பழக்கத்தில் நடுப்பகுதிக் கம்பியைக் கீழ் முகத்தில் மட்டும் கட்டிவிட்டால், மிதக்காத தொட்டியிலும் தரை விரிசல் விட்டு வெளிநீர் உள்ளே கசியும்.