புலி நகத்தை மடித்து வைப்பது எப்படி?

பார்சல் கட்டி வந்த நைலான் கயிற்றை நேரான வாய் கொண்ட கத்தியால் இழுத்து அறுத்துப் பாருங்கள். கயிறு ஓரிடத்தில் நிற்காது. முனையை நோக்கி வழுக்கிக்கொண்டே போகும். கத்தி வெளியே வந்துவிடும், கயிறோ பாதிதான் அறுந்திருக்கும். அதே கயிற்றைக் கராம்பிட் என்ற, புலி நகம்போல உட்புறமாக வளைந்த கத்தியின் வளைவில் மாட்டி இழுத்தால் ஒரே இழுப்பில் இரண்டாகிவிடும். இத்தனைக்கும் இரண்டு கத்திக்கும் பதம் ஒன்றுதான்.

வித்தியாசம் கோணத்தில் இருக்கிறது. நேர்வாய்க் கத்தியில், வாய்க்கும் நாம் இழுக்கும் திசைக்கும் உள்ள கோணம் அடியிலிருந்து முனைவரை மாறாது. அதனால் வழுக்கத் தொடங்கிய கயிறு வழுக்கிக்கொண்டே இருக்கும். உட்புறமாக வளைந்த வாயில் அப்படியில்லை. கயிறு முனைப்பக்கம் நகர நகர, வாய் அதன் பாதைக்குக் குறுக்கே திரும்புகிறது. ஓரிடத்தில் கயிறு நகர முடியாமல் சிக்கிக்கொள்ள, இழுக்கும் விசை முழுவதும் அதை அழுத்துகிறது. சிக்குவதற்கு முன் கொஞ்சதூரம் உரசி வந்ததும் வீணல்ல. அந்த உரசலிலேயே நார்கள் அறுபடத் தொடங்கிவிடும். நம் கதிர் அரிவாள் ஒரு பிடி நெல்தாளைச் சிதறவிடாமல் அணைத்து அறுப்பதும் இதே கணக்கில்தான்.

கராம்பிட் பிறந்தது இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில், மினாங்கபாவ் மக்களிடம். புலியின் நகத்தைப் பார்த்துச் செய்தது என்பது அவர்கள் மரபு. சிலாட் தற்காப்புக் கலையிலும் அதற்கு இடமுண்டு. கைப்பிடியின் கோடியில் இருக்கும் வளையத்தில் ஆள்காட்டி விரலை நுழைத்துக்கொண்டால், உள்ளங்கை வியர்த்தாலும் கத்தி நழுவாது.

புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கத்தியைச் சட்டைப்பையில் வைக்க வேண்டுமானால் மடக்கத்தான் வேண்டும். மடங்குகிற கத்தி, வேலையின் நடுவே விரல்மேல் மடங்கிவிடக் கூடாது. என் கண்ணுக்கு இந்தக் கருவியின் அழகே அதைத் தடுக்கும் பூட்டில்தான் இருக்கிறது.

பல மடக்குக் கராம்பிட்களில் இருப்பது லைனர் லாக். அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கைவினைஞர், 1980களின் தொடக்கத்தில். கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு வில்லைப்போல வளைந்து காத்திருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் 'டக்' என்று அதன் அடிக்குப் பின்னால் வந்து உட்காரும். அலகின் அடியை நேராக வெட்டியிருக்க மாட்டார்கள். சுமார் 8 பாகை சாய்த்திருப்பார்கள். தகடு அங்கே ஆப்பைப்போல இறுகும். சாய்ந்த பரப்பில் ஒன்று நழுவாமல் நிற்க, உராய்வுக் குணகம் (பரப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அளவு) அந்தச் சாய்வின் டேன்ஜென்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். 8 பாகையின் டேன்ஜென்ட் 0.14. உலர்ந்த உலோகப் பரப்புகளின் உராய்வுக் குணகம் வழக்கமாக இதைவிட அதிகம். அதனால் அலகு எவ்வளவு அழுத்தினாலும் தகடு பக்கவாட்டில் நழுவாது. தேய்ந்தாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இறுகிக்கொள்ளும். இதனால்தான் சொல்கிறேன்: அலகு சுழலும் முளைக்கு எண்ணெய் விடுங்கள், பூட்டுத் தகடு உட்காரும் முகத்துக்கு விடாதீர்கள். அங்கே உராய்வு குறைந்தால் பூட்டு நழுவும்.

கயிறு அறுக்கும்போது பூட்டின்மேல் பாரமே விழுவதில்லை என்பதையும் கவனியுங்கள். கயிறு அலகை மேலும் விரியும் திசையில்தான் தள்ளுகிறது. அளவுக்கு மேல் விரியாமல் அலகைத் தடுக்கும் முளை அதைத் தாங்கிக்கொள்கிறது. முனை எங்காவது சிக்கி, அதைப் பின்னுக்கு நெம்பும்போதுதான் பூட்டுக்குச் சோதனை. நெம்பாதீர்கள். அலகு மடங்கும் வழியிலேயே விரல்கள் இருக்கின்றன.

அன்றாடத்துக்கு இது சரிப்படுமா? கயிறு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பட்டை என்றால் தாராளமாக. சமையலறைக்கு வேண்டாம், பலகையில் வைத்தால் முனை மட்டும்தான் தொடும், வெங்காயம்கூட அரிய முடியாது. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது.

சாணை பிடிப்பதிலும் அந்த வளைவு நம்மைச் சோதிக்கும். தட்டையான சாணைக்கல் உள்வளைவைத் தொடாது. உருண்டையான குச்சியில் நைசான உப்புத்தாளைச் சுற்றி, கத்தியை அசையாமல் வைத்துக்கொண்டு, குச்சியை அடியிலிருந்து முனைவரை வளைவோடு வளைவாக நகர்த்துங்கள். முனைக்கு வந்ததும் கையை லேசாக்குங்கள். அழுத்தினால் அந்தக் கூர் நகம் மழுங்கிவிடும்.