ஜஹாங்கீர் ஏன் அரையிருட்டில் இருக்கிறார்?

ஓர் ஓவியத்தில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஒரு பெரிய மணற்கடிகாரத்தின் மேல் அமர்ந்து, சூஃபிப் பெரியவர் ஒருவருக்குப் புத்தகம் கொடுக்கிறார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் கீழே காத்து நிற்கிறார். பேரரசரின் தலைக்குப் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த பொன் ஒளிவட்டம். பிசித்ர் 1615-18 வாக்கில் வரைந்த இந்த ஓவியம் இப்போது வாஷிங்டனில், ஃப்ரீர் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இந்த மாதிரி காகித ஓவியங்கள் இருக்கும் அறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணே தெரியாது. அவ்வளவு மங்கலாக விளக்கு வைத்திருப்பார்கள். வழக்கமான அளவு சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சி வெயில் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ்.

மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் போட்டால் கறை வெளுத்துவிடும், இல்லையா? இங்கேயும் அதே கதைதான். ஒளியின் ஆற்றல், நிறம் தரும் மூலக்கூறின் பிணைப்புகளை உடைக்கிறது. முகலாயப் பட்டறைகளில் சாயங்களும் உண்டு, கனிமங்களும் உண்டு. அரக்குச் சிவப்பு போன்ற, பூச்சி, செடிகளிலிருந்து எடுக்கும் சாயங்கள் எளிதில் வெளுக்கும். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லாசுலி கல்லின் நீலம் அப்படியே நிற்கும். அதில் நிறம் தருவது கந்தகம். அது படிகக் கூண்டுக்குள் பத்திரமாக அடைபட்டிருக்கிறது. ஆக, ஒரே படத்தில் ஒரு நிறம் போய் இன்னொன்று தங்கினால், ஓவியர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வண்ணப் பொருத்தமே குலைந்துவிடும். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

பட்ட ஒளியெல்லாம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேர உச்சி வெயில், 50 லக்ஸில் 2,000 மணி நேரத்துக்குச் சமம். தினம் 8 மணி நேரம் திறந்திருந்தால் 250 நாள்! அதனால்தான் சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் எடுத்து வைக்கிறார்கள். இருட்டு, போன நிறத்தைத் திருப்பித் தராது. மேலும் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

தங்கத்துக்கு இந்தக் கவலையே இல்லை. தங்கத் தகட்டைத் தூளாக அரைத்து, பிசினில் குழைத்துப் பூசுவார்கள். அப்போது அது வெறும் மஞ்சளாக, மங்கலாகத்தான் இருக்கும். துகள்கள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். அப்புறம் வழவழப்பான அகேட் கல்லால் தேய்த்தால் துகள்கள் நசுங்கிப் படிந்து கண்ணாடி போல ஆகிவிடும். அடுத்த முறை அப்படி ஓர் அறைக்குப் போனால், கண் பழகும்வரை சில நிமிடம் நில்லுங்கள். பிறகு ஓவியத்தின் முன் மெல்லக் குனிந்து நிமிருங்கள். அந்த மங்கிய வெளிச்சத்திலும் ஏதோ ஒரு கோணத்தில் தங்கம் சட்டென்று மின்னும்.