பங்களாவில் விளக்கு எரிந்தால் லயத்தில் தூக்கம் வராது

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம் மூன்று ஜீப்புகள் பெரிய துரை பங்களாவுக்கு ஏறிப் போயின. எட்டு மணிக்குள், நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், கீழ் லயத்துப் பேச்சில் தோட்டமே விற்றுப் போயிருந்தது. மேல் லயத்தில் வேறு கதை. பங்களாவில் சாப்பாடு பரிமாறிவிட்டு வந்த அப்பு, "பதினெட்டு, பதினெட்டுன்னு நாலஞ்சு தடவ பேசிக்கிட்டாங்க" என்று சொல்லியிருந்தார். பதினெட்டு என்றால் கொழுந்துதான், வேறென்ன? நாளைக்குப் பதினெட்டு கிலோ எடுக்காவிட்டால் இனி அரைப் பேர்தான், பாதிச் சம்பளம்தான். அம்மாயி அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "நல்லதப் பேசுறவன் எதுக்குடா கதவச் சாத்துறான்?"

பில்டர்பெர்க் கூட்டத்தைப் பார்த்து உலகம் கேட்பதும் இதே கேள்வியைத்தான். 1954 மே மாதக் கடைசியில் நெதர்லாந்தின் ஊஸ்டர்பேக்கில், பில்டர்பெர்க் என்ற ஹோட்டலில் முதல் கூட்டம் நடந்தது. மேற்கு ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே மனக்கசப்பு வளராமல் பார்த்துக்கொள்வது நோக்கம். இப்போதும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை அமைச்சர்கள், வங்கித் தலைவர்கள், கம்பனி முதலாளிகள், பத்திரிகை ஆசிரியர்கள் என்று சுமார் 130 பேர் சில நாள் கூடுகிறார்கள். தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, முடிவில் அறிக்கையும் கிடையாது. கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று மட்டும் சொல்லக் கூடாது. இதற்குச் சதம் ஹவுஸ் விதி என்று பெயர். வருகிறவர்களின் பட்டியலையும் தலைப்புகளையும் இப்போது அவர்களே வெளியிடுகிறார்கள். அதனால், உலகத்தையே இவர்கள்தான் மறைந்திருந்து ஆட்டிவைக்கிறார்கள் என்ற சந்தேகம் தீர்ந்ததா? அந்தப் பட்டியலும் அப்பு கொண்டுவந்த 'பதினெட்டு' மாதிரிதான். ஒரு துண்டு கையில் கிடைத்தால் மீதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

1944இல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மெல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் செய்தார்கள். இரண்டு முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடுகிற ஒரு கட்டம். அவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவுதான். அதைப் பார்த்த 34 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் அவற்றை உயிருள்ளவையாகவே வைத்துக் கதை சொன்னார்கள். சண்டை, துரத்தல், பயந்து ஒளிதல் எல்லாம் அதில் வந்தன. ஏதாவது அசைந்தால் அதற்குப் பின்னால் யாரோ எதையோ நினைத்துச் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது மூளையின் பழக்கம்.

இதை மடத்தனம் என்று தள்ள முடியாது. மலையில் கொழுந்து எடுக்கும்போது செடிக்கடியில் சரசரத்தால் முதலில் சத்தம் போட்டு விலகுகிறோம். அது காற்றா, முயலா, சிறுத்தையா என்ற ஆராய்ச்சி அப்புறம். ஒன்பது தடவை வீணாக ஓடினால் நஷ்டம் நாலு பிடி கொழுந்து. பத்தாவது தடவை ஓடாமல் நின்றால் நஷ்டம் ஆள். இந்தக் கணக்கில் பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் நாம். நம் கையில் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு வந்தால் மனம் இல்லாத உருவங்களையும் பார்க்கிறது என்று 2008இல் ஜெனிஃபர் விட்சனும் ஆடம் கலின்ஸ்கியும் சோதித்துச் சொன்னார்கள். பிறகு செய்த சோதனைகளில் எப்போதும் அதே விடை வரவில்லை, ஆகவே அதை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சரி, சந்தேகம் வருவது இயல்பு. அது உண்மையா என்று பார்க்க ஒரு வழி, ஆளை எண்ணுவது. டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் என்ற இயற்பியலாளர் 2016இல் அதைச் செய்தார். ஸ்னோடன் வெளியிட்ட அமெரிக்க உளவு வேலை போல, கடைசியில் அம்பலமான நிஜ ரகசியங்களை எடுத்தார். எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது, எத்தனை ஆண்டு தாங்கியது என்று பார்த்தார். ஒரு ஆள் ஒரு ஆண்டில் ரகசியத்தை உடைக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் நான்கு என்று வந்தது. தூசி மாதிரி எண். ஆனால் ஆளும் ஆண்டும் கூடக் கூட அது ஊதிக்கொண்டே போகிறது. நிலவுப் பயணம் பொய் என்றால் நாசாவோடு சேர்ந்த 411,000 பேரும் வாயை மூடியிருக்க வேண்டும். நான்கு ஆண்டுக்குள் அது உடைந்திருக்கும். ஐந்து ஆண்டு தாங்க வேண்டுமென்றால் ஆள் 2,521ஐத் தாண்டக் கூடாது. நூறு ஆண்டுக்கு 125 பேர். இதில் ஒரு ஓட்டை உண்டு. கடைசிவரை வெளியே வராத ரகசியம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. பிடிபட்ட கள்ளனை மட்டும் வைத்துக் களவை அளக்கிற மாதிரி.

பில்டர்பெர்க்கில் 130 பேர். ஆகவே சில ஆண்டுக்காவது பேச்சை மறைத்து வைக்க அவர்களால் முடியும். ஆனால் பேசியதை நடத்திக் காட்ட கிளார்க் வேண்டும், வங்கி வேண்டும், பொலிஸ் வேண்டும், டிரைவர் வேண்டும், அப்பு வேண்டும். உலகத்தையே ஆட்டிவைப்பதென்றால் எத்தனை ஆயிரம் அப்பு! எனக்கு அங்கே உறுத்துவது வேறு. வாக்கு வாங்கிப் போன அமைச்சர் கம்பனி முதலாளியோடு சில நாள் உட்கார்ந்து பேசுகிறார், பேசியதற்கு நாம் கேட்டு வாங்க ஒரு குறிப்பும் இல்லை.

நம் கதையை எடுங்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 975,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே இலங்கையில், மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். லயத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எதையும் மறைக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டு, அறிவித்து, பட்டப்பகலில் ரயிலேற்றித் தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள்.

அந்தப் பதினெட்டு? பதினெட்டாம் நம்பர் மலை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதுதான் அன்றைய பேச்சாம். அப்பு காதில் விழுந்தது சரி, லயம் போட்ட கணக்குத்தான் பிழை. கொழுந்து கிலோ கூடியது ஆறு மாதம் கழித்து. ஜீப்பும் வரவில்லை, யாரும் கதவைச் சாத்தவும் இல்லை. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நின்று வாசித்தார்.