காட்டில் செத்த மானை எரிக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே கதை. காட்டுப் பாதையோரம் வயதாகிச் செத்துக் கிடந்த கடமான் மீது, நடந்துபோனவர்கள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். நான் போனபோது கருகிய எலும்புதான் மிச்சம். "கடவுள் படைத்த இடம் டாக்டர், இப்படி நாறிக் கிடக்கலாமா?" என்று அவர்களில் ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். வனவிலங்கு மருத்துவராக இந்தக் கேள்வியை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். நானும் விசுவாசிதான். அதனால்தான் கோபம் வந்தது.

அந்த நாற்றம் பந்திக்கு அழைப்பு. அதை மோப்பம் பிடித்துத்தான் நரியும் காட்டுப்பன்றியும் வரும், ஈ வந்து முட்டையிடும். பிணம் தின்னும் பாறுக் கழுகு மட்டும் மேலிருந்து கண்ணால் பார்த்தே இறங்கிவிடும். எரித்தால் என்ன ஆகும்? சாம்பலில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சும். தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி புகையோடு போய்விடும். இறைச்சி யாருக்கும் இல்லை.

"அழுகினால் நோய் பரவாதா?" இதற்குப் பதில் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது. வயதாகியோ காயம்பட்டோ செத்த விலங்கை அழுகச் செய்யும் கிருமிகள் பெரும்பாலும் அதன் குடலிலும் மண்ணிலும் ஏற்கெனவே இருப்பவை. அவற்றின் வேலையே உடலைப் பிரித்து மண்ணுக்குக் கொடுப்பது. பாறுக் கழுகின் இரைப்பை அமிலமோ நம்முடையதைவிடக் கடுமையானது, பல நோய்க்கிருமிகளையே கொன்றுவிடும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற இந்தக் கழுகுகளைத் தெற்காசியாவில் கொன்றது என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. கழுகுகள் போன பிறகு செத்த மாடுகள் நாள்கணக்கில் கிடந்தன, தெருநாய்கள் பெருகின. துப்புரவு செய்தவர்களை விரட்டிவிட்டு, குப்பை என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

பைபிளில் சங்கீதம் 104ஐப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். சிங்கக்குட்டி இரைக்காகக் கர்ஜிப்பதை அது தேவனிடம் உணவு கேட்பதாகவே சொல்கிறது. உயிர்கள் மாண்டு மண்ணுக்குத் திரும்புவதும் பூமியின் முகம் புதிதாவதும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. நான் தினமும் காட்டில் பார்ப்பதும் இதுதான். மற்ற நாடுகளிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் நீர்யானை ராத்திரி முழுக்கக் கரையில் புல் மேய்ந்துவிட்டு, பகலில் ஆற்றுக்குள் சாணமிடும். அதிலிருந்து ஆற்றுப் பாசிக்குச் சத்து கிடைக்கிறது. கடலில் வளர்ந்த சால்மன் மீனைக் கரடி காட்டுக்குள் இழுத்துப்போய்ப் பாதி தின்றுவிட்டுப் போடும். கடலின் தழைச்சத்து கரையோர மரங்களில் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் மாரா ஆற்றைக் கடக்கும்போது ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் விலங்குகள் மூழ்கிச் சாகின்றன. சதை சில வாரங்களில் தீர்ந்துவிடும், எலும்பு கரைய ஏழு ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை அந்த ஆறு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இதில் வீணாகப் போனது எது என்று எனக்குச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

காட்டு விலங்கு காட்டில் செத்துக் கிடந்தால் தள்ளி நில்லுங்கள். பவுடர், உப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மூக்கிலோ வாயிலோ ரத்தம் வடிந்திருந்தால், பல விலங்குகள் ஒன்றாகச் செத்திருந்தால், தொடவே தொடாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கால்நடை வளர்ப்பவர்களுக்கு முறை வேறு. வலி மருந்து போட்ட மாட்டையும், ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்த விலங்கையும் வெளியே போடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். அந்த மருந்து தின்ன வருகிற உயிரையும் கொல்லக்கூடும். விஷம் வைத்த இறைச்சியைப் பற்றி நான் பேசக்கூட விரும்பவில்லை. அது பாவம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஞாபகத்துக்கு என்று எலும்பையும் உதிர்ந்த கொம்பையும் பைக்குள் போடாதீர்கள். முள்ளம்பன்றி அதைக் கொறிக்கும். சத்துக் குறைந்த மான்கூட வந்து எலும்பைச் சப்பும்.